பன்னிரண்டு புத்தகம் கேட்ட டீச்சருக்கு

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வாட்ஸ்அப்பில் 40 பேர் சேர்ந்து அடுத்த வருடம் மாதம் ஒரு புத்தகம் வாசிக்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் ஆட்கள் ஹட்டன், பதுளை, மாத்தளை என்று பரவிக் கிடக்கிறார்கள், தமிழ்நாட்டுக் குன்னூரிலும் இரண்டு பேர். 12 புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா?" கேள்வியின் அடியில் போகிற போக்கில் இன்னொரு வரி. "போன வருடமும் தொடங்கினோம், மார்ச்சோடு நின்றுபோனது." பட்டியல் தர நிறையப் பேர் வருவார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. நாற்பது பேரும் டிசம்பர் வரை கூடவே வரும்படி புத்தகம் தெரிவது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் 22 வருடம் வேலை செய்தவன். அதில் பாதிக்கு மேல் ஆசிரிய நூலகர். 2020 ஊரடங்கில் பழைய மாணவர்களோடு தொடங்கிய வாசிப்புக் குழு இன்னமும் ஓடுகிறது. நடுவில் இரண்டு தரம் செத்துப் பிழைத்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முப்பது நாற்பது பேர் உள்ள குழுக்கள்தான், அதுவும் ஒருவரையொருவர் ஓரளவு அறிந்தவர்கள். முந்நூறு பேர் கொண்ட குழுவுக்கு இதைத் தூக்கிப் பொருத்த வேண்டாம்.

முதல் வருடம் நாங்கள் செய்த கூத்தைச் சொல்கிறேன். வாக்கெடுப்பு வைத்தோம். சென்னையில் அப்போதுதான் வந்த 600 பக்க நாவல் ஒன்று 31 வாக்கு வாங்கி வென்றது. எல்லாரும் கைதட்டினோம். பிறகுதான் யாரிடம் புத்தகம் இருக்கிறது என்று கேட்டேன். நாலு பேர். கொழும்புக் கடையில் மூன்று பிரதி இருந்தது, மிச்சத்தை இந்தியாவிலிருந்து எடுப்பிக்க ஆறு வாரம் என்றார்கள். மாதம் பாதி கழிந்தபோது ஒரு பையன், நல்ல மனதோடுதான், முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்பைக் குழுவில் போட்டுவிட்டான். எழுதியவர் உயிரோடு இருக்கிறார். குழுவில் ஒருவருக்கு அவரைத் தெரியும். அந்த வாரம் நான் அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறதே, அதை எழுதுவதற்குப் பதில் அந்த 600 பக்கத்தையும் கையால் பிரதி எடுத்திருக்கலாம். கடைசியில் நாவலை முடித்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மலையகத்தில் ஒரு வாசிப்புக் குழு உடைவது ரசனையால் அல்ல, பிரதி கைக்கு வராததால். ஆகவே எங்கள் குழுவில் யார் ஒரு புத்தகத்தை முன்மொழிந்தாலும் கூடவே நாலு தகவல் தர வேண்டும்: எத்தனை பக்கம், இன்றைக்கு என்ன விலை, எங்கே கிடைக்கும், தன்னிடம் ஒரு பிரதி இருக்கிறதா. கிடைப்பதற்குக் குறைந்தது இரண்டு வழி இல்லாத புத்தகம் வாக்கெடுப்புக்கே வராது. கடையும் ஒரு வழி, பொது நூலகமும் ஒரு வழி, பாடசாலை நூலகமும் ஒரு வழி, சட்டப்படி இணையத்தில் இருப்பதும் ஒரு வழி. விலையைக் கேட்பதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 2022இல் எங்கள் ரூபாய் விழுந்த பிறகு, அட்டையில் 300 ரூபாய் என்று போட்ட இந்தியப் புத்தகம் நாணய மாற்றுக் கணக்கில் மட்டுமே ஆயிரம் ரூபாய் அளவுக்கு வந்துவிடுகிறது. கப்பல் கூலியும் கடைக்காரர் பங்கும் அதற்கு மேல். அதைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கிடைக்கும் பேர்ச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். இதே கணக்கு குன்னூர்க்காரருக்குத் தலைகீழ்: அவருக்குச் சென்னைப் புத்தகம் சுலபம், எங்கள் பதிப்பு கிடைப்பது அரிது. ஆகவே பன்னிரண்டும் ஒரே ஊர்ப் பதிப்பாக இருந்தால் எப்படியும் ஒரு பக்கத்து ஆள் கழன்றுபோவார்.

இருக்கும் பிரதியை ஓட விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருக்கும் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதைத் தொகுதியின் பிரதி ஒன்று இதுவரை 17 கை மாறியிருக்கிறது. பழைய தேயிலைப் பை ஒன்றில், உள்ளே வெள்ளி பூசியிருக்குமே, அதில் சுற்றித்தான் அனுப்புவோம். மழைக்கு அதைப் போல் ஒன்று இல்லை. ஹட்டனில் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால் தலவாக்கலை டவுனில் ஒருவர் நின்று வாங்குவார், அவர் முடித்ததும் ரயிலில் பண்டாரவளைக்கு. பின்னட்டைக்கு உட்புறம் ஒட்டிய தாளில் ஒவ்வொருவரும் பெயரும் திகதியும் எழுதுவார்கள். ஒன்பதாவது ஆள் 41 நாள் வைத்திருந்தது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அவர் இன்றைக்கும் அந்தத் தாளைப் பார்த்து நெளிவார். ஒரு பிரதிக்கு ஒரு வாரம், மாதத்துக்கு நாலு பேர். ஐந்து பிரதி இருந்தால் இருபது பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மாதப் புத்தகத்தை அறிவிக்காதீர்கள்.

இணையப் பிரதிகள் பற்றிச் சட்டம் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. இந்தியாவில் 60 வருடம். 1948இல் இறந்த புதுமைப்பித்தனும் 1954இல் இறந்த கல்கியும் இன்று இரண்டு நாட்டிலும் பொதுச் சொத்து. 1998இலிருந்து இணையத்தில் இயங்கும் மதுரைத் திட்டத்தில் இப்படிப்பட்ட பழைய நூல்கள் எழுத்துகளாகவே கிடைக்கின்றன, போனில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் எங்கள் நாட்டு நூல்களும் பழைய சஞ்சிகைகளும் குவிந்து கிடக்கின்றன, ஆனால் அங்கே பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்த பிடிஎஃப். சின்னத் திரையில் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். பத்துப் பக்கக் கதைக்கு அது போதும், நாவலுக்குக் கண் வலிக்கும். மலையக எழுத்தாளர்களில் நாம் கொண்டாடும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே இன்னும் உரிமைக்காலத்துக்குள்தான் இருக்கின்றன. சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் இறந்தவர், 2054 வரை கணக்கு இருக்கிறது. சில நூறு பிரதி அச்சடித்து மண்டபத்தில் மேசை போட்டு விற்கும் ஒருவரின் புத்தகத்தைக் குழுவில் இலவசமாகச் சுற்ற விட்டால் அவருடைய அடுத்த புத்தகம் வராமலே போகலாம்.

பக்கக் கணக்கு அடுத்தது. உங்கள் குழுவில் கொழுந்து எடுக்கும் அம்மாமார் ஆறு பேர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், அந்திக் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்து முடிய ஒன்பது மணி. அதற்குப் பிறகு 20 நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் நாளுக்கு 10 பக்கம், மாதத்தில் 25 நாள் வாசித்தால் 250 பக்கம். அதுவும் காய்ச்சல், கலியாணம், திருவிழா எதுவும் இல்லாத மாதத்தில். நான் பொதுப் புத்தகத்துக்கு 180 பக்கத்தை எல்லையாக வைப்பேன். வேகமாக வாசிப்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அவர்கள் எப்படியும் நாலு புத்தகம் கூட வாசிப்பார்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் 'பொன்னியின் செல்வன்' என்பார். எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அதை ஒரு மாதத்துக்குப் போட்டால் குழு அந்த மாதமே முடிந்துவிடும். ஆனால் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பாகத்துக்கும் மொத்தம் 293 அத்தியாயம். தொடர்கதையாக வந்ததால் ஒவ்வொன்றும் ஒரு மூச்சில் முடியும். ஜனவரி முதலாம் திகதி தொடங்கி நாளுக்கு ஒரு அத்தியாயம் வாசித்தால் அக்டோபர் 20இல் முடிந்துவிடும், பெரும்பாலும் தீபாவளிப் பலகாரத்துக்கு முன்னே. விருப்பமுள்ளவர்கள் பக்கத்தில் தனியாக அந்த ஓட்டத்தை ஓடட்டும். எங்கள் குழுவில் ஒன்பது பேர் தொடங்கி ஏழு பேர் முடித்தார்கள், இத்தனைக்கும் அது கட்டாயமே இல்லை.

எந்தப் புத்தகம் எந்த மாதம் என்பதை நீங்கள் கலண்டரோடு சேர்த்து வானத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஜூன் ஜூலையில் தென்மேல் பருவமழை. காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போகும், போனில் சார்ஜ் இருக்காது, சிக்னல் வரும் மேட்டுக்கு ஏற முடியாது. (கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காக மலையேறி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.) அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் வறண்ட காற்றும். அவர்களுக்கு மழை அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் போகும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் வானம் வெளுத்திருப்பது பெப்ரவரியும் மார்ச்சும்தான். ஆகவே வருடத்தின் ஆகப் பெரிய புத்தகத்தை அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒன்றாகப் போடுங்கள். காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் மாசி இரவுகள் இளைஞர்களுக்குப் புத்தகத்துக்குரியவை அல்ல. அதனால்தான் இரண்டு மாதம். ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு, கூடவே கொழுந்து மலியும் காலம் மே வரை. ஏப்ரலில் மட்டும் கட்டாயப் புத்தகமே வைக்காமல், பின்தங்கியவர்கள் பழையதை முடிக்க விடுங்கள். ஜூனில் ஹட்டன் பக்கத்தாருக்காகவும் டிசம்பரில் பதுளைப் பக்கத்தாருக்காகவும் கையளவு புத்தகம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை வரும் மாதங்கள் அண்மைக் காலத்தில் மாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் வீட்டில் திகதி வந்ததும் அந்த மாதத்தைத் திருத்திக்கொள்வீர்கள்தானே. ஆக, பன்னிரண்டு மாதத்துக்குப் பத்துப் புத்தகமே வரும். பன்னிரண்டு என்று அறிவித்து ஏழில் நிற்பதற்குப் பத்து என்று அறிவித்து முடிப்பது மேல்.

பத்தும் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் பொதுப் புத்தகமாக இருக்க வேண்டுமா? நாங்கள் இப்போது ஐந்து பொது, ஐந்து 'தலைப்புக்கு ஏற்ப அவரவர் தெரிவு' என்று வைத்திருக்கிறோம். பொதுப் புத்தகம் பேச்சுக்கு. தலைப்பு மாதம், பிரதித் தட்டுப்பாட்டுக்கு மருந்து. ஆனால் தலைப்பையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வெளிநாட்டுக் குழுக்களைப் பார்த்து நாங்கள் ஒருமுறை 'நீல அட்டைப் புத்தகம்' என்று வைத்தோம். ஆட்கள் அட்டையைத்தான் தேடினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. 'நோபல் பரிசு பெற்றவர்' என்று வைத்த மாதம் பாடசாலை நூலகங்களில் தாகூரைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை. நன்றாக ஓடிய தலைப்புகள் மிகச் சாதாரணமானவை: நீங்கள் பிறப்பதற்கு முன் வெளிவந்த ஒன்று, வீட்டில் கிடந்தும் இதுவரை திறக்காத ஒன்று, சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்த ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'வின் தமிழாக்கத்தை எட்டுப் பேர் எடுத்தார்கள். அதில் ஒருவர் அதே கதையைச் சிங்களத்தில் வாசித்த பக்கத்து வீட்டுப் பையனோடு தேநீர்க் கடையில் இருந்து சண்டை போட்டாராம், தீவில் யார் பெரிய வீரன் என்று. தலைப்பை அறிவிக்கும் முன் உங்கள் பாடசாலை நூலக அலுமாரியைத் திறந்து, அதற்குப் பொருந்துகிற மூன்று புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று அகப்படாவிட்டால் தலைப்பை மாற்றுங்கள்.

மலையக நூல்களை எவ்வளவு சேர்ப்பது என்பதில் என் கருத்துப் பலருக்குப் பிடிக்காது. பத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நானே ஒரு வருடம் ஆசைப்பட்டு எட்டு வைத்தேன். ஐந்தாம் மாதம், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி குரல் பதிவு அனுப்பினாள்: "சேர், நான் லயத்துலயே இருந்துகிட்டு லயத்தப் பத்தியே வாசிக்கணுமா? கடல் வர்ற கத ஏதாவது குடுங்களேன்." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த மாதம் கடல் வந்தது.

அந்த மூன்றையும் தெரிவதில்தான் உங்கள் கைத்திறன் இருக்கிறது. ஜனவரிக்கு இரண்டு சிறுகதையைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன்: புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையும். முன்னதை எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டத்தைக் கற்பனையில் கட்டியவர். பின்னதை எழுதியவர் மலையகத்துப் பிள்ளை. ஒருவருக்குத் தோட்டம் துன்பம் நிறைந்த கேணி. மற்றவருக்கு அது வேலைத்தலம். அங்கே கைவேகம் இருக்கிறது, ரோஷம் இருக்கிறது, காதல்கூட இருக்கிறது. எங்கள் குழுவில் வேறெந்த மாதத்திலும் இவ்வளவு பேர் பேசியதில்லை, கொழுந்தெடுக்கும் அம்மாமார் முதல் முறையாக வாய் திறந்ததும் அந்த மாதம்தான். ராமையாவின் கதையில் வரும் வேலை நுட்பத்தைப் பற்றி அவர்கள் சொன்னபோது நாங்கள் படித்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பெரிய புத்தகத்துக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நல்லது. 1964இல் வந்தது, தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கையை ஒரு பெண்ணைச் சுற்றிச் சொல்கிறது, 'மிராஜ்' என்று ஆங்கிலத்திலும் இருக்கிறது; தமிழ்ப் பிரதி அகப்படாத வெளிநாட்டு ஆள் அதை வாசிக்கலாம். மூன்றில் ஒன்றுக்குப் பதிலாகத் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியிலிருந்து ஆளுக்கொரு கதையாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் கதையை மற்றவர்களுக்குச் சொல்வதாகவும் ஒரு மாதம் வைக்கலாம். குன்னூர்க்காரர்களை மனதில் வைத்து 'எரியும் பனிக்காடு' வேண்டும் என்பார்கள். பி.எச். டேனியல் என்ற டாக்டர் வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் தந்தது. வலுவான புத்தகம், ஆனால் 'துன்பக்கேணி'க்கு அடுத்த மாதமே வைத்துவிடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு இருட்டை யாரும் தாங்க மாட்டார்கள்.

ஜூனுக்கான கையளவுப் புத்தகமாக சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இருக்கட்டும். எங்கள் குழுவில் ஹப்புத்தளைப் பெண் ஒருவர் அதில் ஒரு தாலாட்டைத் தன் அம்மாயிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கிழவி, "அப்படி இல்ல புள்ள" என்று இடைமறித்துத் தன் பாட்டைப் பாடியிருக்கிறார், மெட்டு அதே, மூன்றாவது அடி வேறு. பின்னால் அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தத்தோடு அந்தப் பதிவு குழுவுக்கு வந்தது. அதன் பிறகு பத்து நாளைக்கு ஆளாளுக்கு வீட்டுப் பெரியவர்களைப் பிடித்து இருத்திவைத்துப் பாட வைத்தார்கள். எழுத்து வாசிக்காத ஒருவர் வாசிப்புக் குழுவில் மூத்த ஆளாக உட்கார்ந்த மாதம் அது.

வாக்கெடுப்புப் பற்றிச் சுருக்கமாக. அதிக வாக்கு வாங்கியது வெல்லும் என்று வைத்தால் எப்போதும் சத்தம் போடும் ஐந்து பேரின் புத்தகமே வரும். நாங்கள் மாற்றிக்கொண்டோம்: ஆறு புத்தகத்தை முன்வைத்து, "இதில் எதை உங்களால் வாசிக்கவே முடியாது?" என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்போம். ஆகக் குறைந்த 'வேண்டாம்' பெற்றது மாதப் புத்தகம். யாருக்கும் உயிர்ப் புத்தகம் கிடைக்காது, ஆனால் யாரும் விலகவும் மாட்டார்கள்.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. புள்ளி, சான்றிதழ், மாத முதல்வர் இதெல்லாம் உதவுமா என்பதில் எனக்கு இரண்டு மனம். ஒரு வருடம் கொடுத்தோம், முடித்தவர்கள் கூடினார்கள். ஆனால் புத்தகத்தைப் பற்றிய பேச்சு மெலிந்து "நான் முடித்துவிட்டேன்" என்ற ஒற்றை வரிகள் பெருகின. ஒலிப்புத்தகம் கேட்பது வாசிப்பாகுமா என்று எங்களுக்குள் இன்னும் இழுபறி. என் கட்சி, ஆகும் என்பதுதான். கொழுந்தெடுக்கும்போது காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கேட்கிறவரை நான் குழுவுக்கு வெளியே நிறுத்த மாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே குழுவில் வைப்பது எங்களுக்குச் சரிவரவில்லை, பெரியவர்கள் புத்தகத்தை விட்டுவிட்டுப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் குழுவில் ஆசிரியர்கள் அதிகம் என்றால் அந்த ஆபத்து இன்னும் கூட.

இப்போதைக்கு ஜனவரியையும், பெப்ரவரி மார்ச்சையும் மட்டும் முடிவு செய்து அறிவியுங்கள். மிச்சத்தை ஏப்ரல் ஓய்வு மாதத்தில், யார் யார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். 'துன்பக்கேணி' இணையத்திலேயே இருக்கிறது. அந்தப் பதினேழு கை மாறிய 'ஒரு கூடைக் கொழுந்து' தற்போது நோர்வூட்டில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் இன்னும் இரண்டு கதை மிச்சம் என்கிறார். முடித்ததும் பொகவந்தலாவை பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறேன், ஸ்டாண்டில் வாங்க யாராவது நிற்பார்களா என்று மட்டும் எழுதுங்கள், டீச்சர்.